“என்ன தப்பு பண்ணினான் டீச்சர்?”: பெற்றோரையும் ஊரையும் பள்ளிக்கூடத்துக்குள் கூட்டிவருவது எப்படி

சில வருடங்களுக்கு முன்னால், மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய அம்மாவை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். பூக்கொல்லையிலிருந்து அப்படியே வந்துவிட்டார். முந்தானையில் மல்லிகை அரும்பு ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. செருப்பை வராண்டாவுக்கு வெளியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, “என்ன தப்பு பண்ணினான் டீச்சர்?” என்று கேட்டார். அவன் ஒரு தப்பும் பண்ணவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு பக்கத்தை எங்கும் நிற்காமல் வாசித்திருந்தான், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். சொன்னதும் அந்த அம்மா அழுதுவிட்டார். எனக்கு ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நல்ல சேதி வரும் என்று அவர் நினைக்கக்கூட இடமில்லாதபடி இத்தனை வருடம் நாங்கள் நடந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரமங்கலம், ஆலங்குடி பக்கத்துக் கிராமங்களில் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்தவள். பூ, பலா, தென்னை, கடலை இதுதான் இங்கே பிழைப்பு. வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ திருப்பூரிலோ இருப்பார். நான் எழுதுவதெல்லாம் இந்த ஊர்களில் செய்து பார்த்தது. உங்கள் ஊருக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: ஒரு குடும்பத்தோடு பள்ளி பேசுகிற முதல் பேச்சு அவர்கள் பிள்ளையைப் பற்றிய நல்ல பேச்சாக இருக்க வேண்டும். மற்ற எதையும் அதற்கு அப்புறம் பேசலாம்.

ஜூன் மாதம் வீடுகளுக்குப் போங்கள்

பள்ளி திறந்து முதல் ஐந்தாறு வாரத்துக்குள் உங்கள் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருடைய வீட்டுக்கும் ஒரு தடவை போய்விடுங்கள். முப்பது பிள்ளைகள் என்றால் வாரத்துக்கு ஐந்தாறு வீடு, அவ்வளவுதான். தனியாகப் போகாமல் இன்னொரு ஆசிரியரோடு போங்கள், முடிந்தால் அந்தத் தெருவைச் சேர்ந்த சத்துணவு அக்காவையோ இல்லம் தேடிக் கல்வியில் பாடம் எடுத்த பெண்ணையோ கூட்டிக்கொள்ளுங்கள். முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லி அனுப்பிவிடுங்கள், திடீரென்று போய் நின்றால் வீடு கிடக்கிற கிடப்பைப் பார்த்து அவர்கள் கூசிப்போவார்கள்.

கையில் நோட்டுப் புத்தகமும் படிவமும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எழுதுகிறவர்களைக் கண்டால் ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தவர்களிடம் பேசுவது போல அளந்துதான் பேசுவார்கள். அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்து பிள்ளையைப் பற்றி நீங்கள் பார்த்த நல்ல விஷயம் ஒன்றைச் சொல்லுங்கள். அது நிஜமாகப் பார்த்ததாக இருக்க வேண்டும், “நல்லாப் படிக்கிறான்” என்று பொதுவாகச் சொன்னால் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். “பக்கத்துப் பிள்ளை பென்சில் இல்லாம உட்கார்ந்திருந்துச்சு, இவ தன்னுதை ரெண்டா ஒடிச்சுக் கொடுத்தா” என்பது மாதிரி ஒன்று போதும். அப்புறம் நீங்கள் கேளுங்கள். வீட்டில் இவன் எதை ஆசையாகச் செய்வான், எதற்குப் பயப்படுவான், சாயங்காலம் இவனோடு யார் இருப்பார்கள். இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தாலே பாதி வருடம் ஓட்டிவிடலாம். எங்கள் பள்ளியில் மழை வந்தாலே லீவு போடுகிற ஒரு பெண் இருந்தாள். கஜா புயலில் இவர்கள் வீட்டுக் கூரை பிய்த்துக்கொண்டு போனதையும், அந்த இரவு முழுக்க இவள் கட்டிலுக்கு அடியில் கிடந்ததையும் அவள் பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். 2018 நவம்பர் 16 அது. பாட்டி சொல்லாமல் இருந்திருந்தால் வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் போட்டுக்கொண்டே இருந்திருப்பேன், காரணம் தெரிந்திருக்காது.

இன்னொன்று, இதை யாரும் பயிற்சி வகுப்பில் சொல்ல மாட்டார்கள். கொடுக்கிற தண்ணீரைக் குடியுங்கள். காபி கொடுத்தால் காபியைக் குடியுங்கள். எந்தத் தெருவுக்கு டீச்சர் முதலில் போனார், எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார், எந்த வீட்டில் நின்றபடியே பேசிவிட்டு வந்தார், எங்கே “இப்பத்தான் குடிச்சேன்” என்று சொன்னார் என்பதையெல்லாம் ஊர் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். காலனித் தெருவிலிருந்து தொடங்குங்கள். அங்கே உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதற்கு இருக்கிற பலம் பத்துக் கூட்டத்துக்கும் கிடையாது. குடிக்காமல் வந்துவிட்டால் அதற்கப்புறம் நீங்கள் எத்தனை கூட்டம் போட்டாலும் அந்தத் தெரு வராது, ஏன் வரவில்லை என்று யாரும் உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள்.

வீட்டில் பார்த்ததை, அப்பா குடிக்கிறார், கடன் இருக்கிறது, அம்மா அப்பா பிரிந்திருக்கிறார்கள் என்பது போன்றவற்றை, ஸ்டாஃப் ரூமில் பேசாதீர்கள். ஒரே ஒரு தடவை வெளியே போனால் போதும், எல்லாக் கதவும் மூடிக்கொள்ளும்.

கூட்டம் போடுகிற நேரமும் விதமும்

“பெற்றோர் கூட்டம் வைத்தால் யாரும் வருவதில்லை, அக்கறையே இல்லை” என்று சொல்கிற ஆசிரியர்களைப் பார்த்து நான் கேட்பது, எத்தனை மணிக்கு வைத்தீர்கள்? மல்லிகை பறிக்கிறவர்கள் விடியற்காலை நான்கு மணிக்கே கொல்லைக்குப் போய்விடுவார்கள், பறித்துக் கமிஷன் கடையில் போட்டுவிட்டு வீடு திரும்பவே காலை வேளை போய்விடும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பகலில் வந்தால் அன்றைய கூலி போகும். பதினொரு மணிக் கூட்டத்துக்கு வருகிற ஒரு அம்மா ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சாயங்காலம் ஐந்தரைக்கு மாற்றினோம். ஆறே முக்காலுக்குள் கண்டிப்பாக முடிப்போம், ஏனென்றால் அதற்கு மேல் சமையல் இருக்கிறது. நடவு, கடலை பறிப்பு, ஊர்த் திருவிழா, மது எடுப்பு (பெண்கள் குடம் சுமந்து ஊர்வலமாகக் கோயிலுக்குப் போகிற திருவிழா) இருக்கிற வாரங்களில் வைக்கவே கூடாது. தேதியை அலுவலகத்தில் உட்கார்ந்து குறிக்காமல், இரண்டு மூன்று அம்மாக்களிடம் கேட்டுக் குறியுங்கள்.

கைக்குழந்தையோடுதான் பலர் வருவார்கள். ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரை ஒரு வகுப்பறையில் பாய் விரித்துச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மாக்கள் நிம்மதியாக உட்காருவார்கள்.

உட்காருவது பற்றிச் சொல்ல வேண்டும். ஆசிரியர்களுக்கு நாற்காலி, பெற்றோருக்குத் தரை என்று போட்டால் அங்கேயே கூட்டம் முடிந்துவிட்டது. நாற்காலி எல்லோருக்கும் போதாது என்றால் எல்லோரும் தரையில் உட்காருங்கள், தலைமை ஆசிரியர் உட்பட. வட்டமாக உட்கார்ந்தால் இன்னும் நல்லது. மைக் வேண்டாம். வரவேற்புரை, சிறப்புரை, பொன்னாடை எதுவும் வேண்டாம். சுற்றறிக்கை வாசிப்பதை விட்டுவிடுங்கள், அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடலாம்.

பெற்றோர் கையில் கொடுக்க வேண்டியது பிள்ளையின் நோட்டு. ஜூன் மாதம் எழுதிய பக்கத்தையும் அக்டோபரில் எழுதிய பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். எழுத்தே தெரியாதவர்களுக்கும் அது புரியும். கோணல் மாணலாகக் கிடந்த எழுத்து கோட்டில் ஏறி உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியுமே. ரேங்க் கார்டில் நாற்பத்திரண்டு என்று எழுதியிருப்பதைப் பார்த்து எந்த அம்மாவுக்கும் என்ன செய்வதென்று தெரியாது. இந்த இரண்டு பக்கத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்கிற கேள்வி வேறு மாதிரி இருக்கும், “இந்த ‘ற’வை மட்டும் ஏன் இன்னும் இப்படிப் போடுறா?” என்று ஒரு அம்மா கேட்டார், அவருக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றிருந்தது.

ஒவ்வொரு பெற்றோரோடும் தனியாக ஐந்து நிமிடம் பேச நேரம் ஒதுக்குங்கள். குறையை எல்லோர் முன்னாலும் சொல்லவே சொல்லாதீர்கள். தனியாகச் சொல்லும்போதும் குறையோடு நிறுத்தாமல், நான் வகுப்பில் இதைச் செய்யப் போகிறேன், நீங்கள் வீட்டில் இதை மட்டும் செய்யுங்கள் என்று ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். இரண்டு கேட்டால் ஒன்றும் நடக்காது. இதெல்லாம் ஆசிரியர் விரும்பினால் செய்கிற கூடுதல் வேலை என்று நினைக்க வேண்டாம். பெற்றோரை அவ்வப்போது சந்தித்து வருகை, கற்றல், முன்னேற்றம் பற்றிச் சொல்ல வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவே ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே”

இதைச் சொல்லாத கூட்டமே கிடையாது. இந்தப் பேச்சை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “அதனால பரவாயில்லைம்மா, பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஒழுங்கா அனுப்புங்க” என்று முடித்துவிட்டால் அந்த அம்மாவை நீங்களே வெளியே அனுப்பிவிட்டீர்கள்.

தெரியாதவர்களும் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்திருக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். சரியா தப்பா என்று பார்க்க வேண்டியதில்லை, விரலை வரியின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே வாசிக்கிறானா என்று மட்டும் பார்த்தால் போதும், விரல் நின்றால் அங்கே திணறுகிறான் என்று அர்த்தம், அந்தச் சொல்லுக்கு அடியில் ஒரு புள்ளி வைத்து அனுப்பச் சொல்லுங்கள், மறுநாள் நான் பார்த்துக்கொள்வேன். இதைத்தான் நான் எல்லா அம்மாக்களிடமும் சொல்வேன். புள்ளி வைத்த புத்தகங்கள் வர ஆரம்பித்த மாதத்திலிருந்து எனக்கு வகுப்பில் யாருக்கு எங்கே சிக்கல் என்று தேடுகிற வேலை குறைந்துவிட்டது.

கணக்குக்கு இந்த ஊரில் பூவே போதும். இன்றைக்கு எத்தனை கிலோ, என்ன விலை, பறிப்புக் கூலி போக எவ்வளவு கைக்கு வந்தது என்று பிள்ளை ஒரு சின்ன நோட்டில் தினமும் எழுதட்டும், மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்து அப்பா அம்மாவிடம் சொல்லட்டும். நாலாம் வகுப்புப் பையன் எழுதிய நோட்டிலிருந்துதான் கமிஷன் கடைக்காரர் இரண்டு நாள் எடையை விட்டுவிட்டது ஒரு வீட்டில் தெரிந்தது. அதற்கப்புறம் அந்த அப்பா பள்ளிக்கூட விஷயம் எதற்குக் கூப்பிட்டாலும் வந்துவிடுவார்.

பாட்டிகளை மறந்துவிடாதீர்கள். அப்பா வெளிநாட்டில், அம்மா வேலையில் என்றால் பிள்ளையை வளர்ப்பது பாட்டிதான். இந்த மாவட்டத்துப் பாட்டிகளில் பலர் அறிவொளி இயக்கத்தில் படித்தவர்கள். 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, கல்லுடைக்கிற பெண்கள் முதற்கொண்டு ஆயிரக்கணக்கானோர் இங்கே எழுத்தும் சைக்கிளும் சேர்த்துக் கற்றுக்கொண்டார்கள். அப்படிப் படித்த ஒரு பாட்டியை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து, எப்படிப் படித்தீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லச் சொன்னேன். அரிக்கேன் விளக்கு, கோயில் மண்டபம், எழுத்து வராமல் விரலில் சாக்பீஸ் உடைந்தது, கைநாட்டு வைக்கிற இடத்தில் முதன்முதலாகப் பெயரை எழுதியது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கரும்பலகைக்குப் போய்த் தன் பெயரை எழுதிக் காட்டினார். நடுங்குகிற எழுத்துதான். வகுப்பு மொத்தமும் கை தட்டியது, அவருடைய பேரன் மட்டும் தட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். மறுநாளிலிருந்து அவனுக்குத் தினமும் வீட்டுப்பாடத்துக்குக் கீழே பாட்டி கையெழுத்து.

வாட்ஸ்அப் குரூப்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்தில் அனுப்பாமல் வாய்ஸ் மெசேஜில் பேசுங்கள், ஒரு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். ‘கூப்பிட்டு அனுப்பவும்’, ‘தவறாமல் கலந்துகொள்ளவும்’ என்கிற பாஷை வேண்டாம், நேரில் பேசுகிற மாதிரியே பேசுங்கள். மார்க், லீவு, கட்டணம், புகார் எதையும் ஒரு பிள்ளையின் பெயர் சொல்லிக் குரூப்பில் போடாதீர்கள். சிங்கப்பூரில் இருக்கிற அப்பாவுக்கு மாதம் ஒரு தடவை அவர் பிள்ளை வாசிப்பதை அம்மா போனிலிருந்து பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். நைட் ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்து அதை நாலு தடவை கேட்டேன் என்று ஒரு அப்பா எனக்குச் சொன்னார். குரூப்பில் இல்லாதவர்கள் யார் என்று ஒரு பட்டியல் வைத்திருங்கள். போன் இல்லாத வீடுதான் பெரும்பாலும் உங்களுக்கு மிகவும் தேவைப்படுகிற வீடு, அங்கே நேரில் போக வேண்டும்.

எஸ்.எம்.சி.யை நிஜமாக நடத்துவது

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் முன்னால் வேலை பார்த்த ஒரு பள்ளியில் எஸ்.எம்.சி. என்கிற பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டம் என்றால், தீர்மானப் புத்தகத்தை ஒரு பெரிய பையனிடம் கொடுத்து வீடு வீடாக அனுப்பிக் கையெழுத்து வாங்கி வருவதுதான். தீர்மானம் முதலிலேயே எழுதப்பட்டிருக்கும். தலைவியாக இருந்த அம்மாவுக்குத் தான் தலைவி என்பதே தெரியாது. நானும் அங்கே இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அப்போது கேட்காமல் விட்டது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

சட்டம் இதில் ரொம்பத் தெளிவாக இருக்கிறது. 2009-இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி, குழுவில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும், மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள், நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, வருகிற பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது எல்லாம் இந்தக் குழுவின் வேலை. தமிழ்நாட்டில் 2022-இல் ‘நம் பள்ளி நம் பெருமை’ என்று பெரிய பிரச்சாரம் செய்து எல்லா அரசுப் பள்ளிகளிலும் குழுவைப் புதிதாக அமைத்தார்கள், 2024-இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். ஆக, கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே எப்படி நடத்துகிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

முதல் கூட்டத்தில் பெரிய விஷயம் எதையும் எடுக்காதீர்கள். எல்லோரையும் பள்ளியைச் சுற்றி நடக்கக் கூட்டிப்போங்கள். கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, சமையலறை, உடைந்த சுற்றுச்சுவர் என்று பார்த்துக்கொண்டே வரட்டும். நாங்கள் அப்படிப் போனபோது பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குள் போன ஒரு அம்மா வெளியே வந்து, “உள்ளே கொக்கியே இல்லையே, பிள்ளைக எப்படிப் போகும்?” என்று கேட்டார். நாங்கள் ஆசிரியர்கள் எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறோம். மறுநாள் காலை அவருடைய வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து இரண்டு கதவுக்கும் கொக்கி போட்டுவிட்டுப் போனார். நாற்பது ரூபாய் சமாச்சாரம். ஏழாம் வகுப்புப் பெண்கள் இடைவேளையில் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

ஒரு கூட்டத்துக்கு ஒரு வேலை என்று எடுத்து, அது முடிந்ததும் அடுத்ததை எடுங்கள். போன மாதம் முடிவு செய்தது என்ன ஆயிற்று என்பதுதான் ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் பேச்சாக இருக்க வேண்டும். தீர்மானத்தைக் கூட்டத்திலேயே எழுதி, சத்தமாக வாசித்துக் காட்டி, அதற்கப்புறம் கையெழுத்து வாங்குங்கள். தலைவி பேசப் பயந்தால் கூட்டத்துக்கு முன்னால் அவரோடு பத்து நிமிடம் உட்காருங்கள், இன்றைக்கு இந்த இரண்டு கேள்வியை நீங்கள்தான் கேட்கிறீர்கள் என்று சொல்லி வையுங்கள், மூன்றாவது மாதம் அவரே கேட்பார். பேசுகிற நாலு ஆண்களே பேசிக்கொண்டிருந்தால், “இன்னும் பேசாதவங்க சொல்லுங்க” என்று நிறுத்திக் கேளுங்கள். மாற்றுத்திறனுள்ள பிள்ளையின் பெற்றோருக்கு என்ன தேவை என்று தனியாகக் கேளுங்கள். சாய்வுப்பாதை இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், அதன் முனையில் அரையடிப் பள்ளம் இருப்பது வண்டி தள்ளுகிறவருக்குத்தான் தெரியும்.

பள்ளியால் முடியாத வேலைகளுக்குத் தீர்மானத்தின் நகலை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். அங்கே ஆசிரியர் எழுந்து பேசுவதைவிட ஐந்து அம்மாக்கள் சேர்ந்து எழுந்து பேசினால் ஊராட்சி காது கொடுக்கும். கட்டடம், சுவர் மாதிரிப் பெரிய வேலைக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது, ஊர் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். வெளியூரில் இருக்கிற முன்னாள் மாணவர்கள் பணம் தர விரும்பினால் 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழியாக ஆன்லைனில் கொடுக்கலாம்.

பணம் என்று வந்தால் மொய் நோட்டுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. ஆடி மாதம் இந்தப் பக்கம் நடக்கிற மொய் விருந்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். லட்சக்கணக்கில் பணம் புரள்கிற இடத்தில் ஒரு ரூபாய்க்குத் தகராறு வராது, ஏனென்றால் ஊர், பெயர், தொகை எல்லாம் எல்லோர் கண் முன்னாலும் எழுதப்படும். பள்ளிக்கும் அதே மாதிரி ஒரு நீள நோட்டு போடுங்கள். யார் என்ன கொடுத்தார், எதற்குச் செலவானது, மீதி எவ்வளவு. கூட்டத்தில் வாசியுங்கள், நோட்டை யார் கேட்டாலும் காட்டுங்கள். நூறு ரூபாய் கொடுத்தவர் பெயரையும் பத்தாயிரம் கொடுத்தவர் பெயரையும் ஒரே குரலில் வாசிக்க வேண்டும்.

கல்விச் சீர், அதற்கு அப்புறம்

தாய்மாமன் சீர் கொண்டுவருவது போல ஊரே தட்டு ஏந்தி, மேளம் வைத்து, பீரோ, மின்விசிறி, தண்ணீர்க் குடம், நோட்டு, கடிகாரம் என்று பள்ளிக்கு ஊர்வலமாகக் கொண்டுவருகிற கல்விச் சீர் இப்போது பல ஊர்களில் நடக்கிறது. இது நம் ஊருக்குப் புதிதில்லை. காமராஜர் முதல்வராக இருந்தபோது, நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராக இருந்து, 1958 வாக்கில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் ஊராக மக்கள் நிலமும் கட்டடமும் பெஞ்சும் கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு நாம் பாடம் நடத்துகிற பல கட்டடங்களின் கல்வெட்டைத் துடைத்துப் பாருங்கள், யாராவது ஒரு ஊர்க்காரர் பெயர் இருக்கும்.

கல்விச் சீர் வைப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள். வசதியில்லாத வீடுகள் அன்றைக்கு ஒதுங்கி நிற்கும்படி ஆகிவிடக் கூடாது. நாங்கள் தட்டுக்கு ஒரு பொருள் என்று இல்லாமல் தெருவுக்கு ஒரு தட்டு என்று வைத்தோம். ஒரு தெரு முழுக்கச் சேர்ந்து இரண்டு துடைப்பமும் ஒரு வாளியும் கொண்டுவந்தது, அதையும் மேளத்தோடுதான் வாங்கினோம். சீர் வந்த அடுத்த வாரமே அந்தப் பொருள் பயன்படுவதை அவர்கள் பார்க்க வேண்டும். பீரோவுக்குள் பூட்டி வைத்தீர்கள் என்றால் அடுத்த வருடம் தட்டு வராது.

பொருள் வாங்குவதைவிட ஆட்களை உள்ளே கூப்பிடுவது எனக்குப் பிடிக்கும். பூ விவசாயி, ஊர்ச் செவிலியர், போஸ்ட்மேன், சூளையில் வேலை செய்கிறவர், காளை வளர்க்கிறவர், யாராக இருந்தாலும். சொற்பொழிவு வேண்டாம். முந்தின நாளே பிள்ளைகளைப் பத்துக் கேள்வி எழுதிவைக்கச் சொல்லுங்கள், வந்தவர் பதில் சொல்லட்டும், கையில் தன் வேலைக்கான பொருள் ஒன்றைக் கொண்டு வரட்டும். காலை உணவு சமைக்கிற அக்காக்களையும் விட்டுவிடாதீர்கள், பல ஊர்களில் அதே பள்ளியில் படிக்கிற பிள்ளையின் அம்மாதான் சமைக்கிறார். எந்தப் பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது வகுப்பாசிரியருக்கு முன்னால் அவருக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு நாள் அடுப்படிப் பக்கம் போய் நின்று கேளுங்கள்.

சிக்கலான இடங்கள்

“கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்” என்று சொல்கிற அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் அதைப் பாசத்தோடும் நம்பிக்கையோடும்தான் சொல்கிறார்கள், அதனால் பிள்ளையை அடிக்கக் கூடாது என்கிற சட்டத்தை முகத்தில் அடித்த மாதிரிச் சொல்ல வேண்டாம். “நீங்க அடி வாங்கிப் படிச்சது எது இப்ப ஞாபகம் இருக்கு அண்ணே?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அடி மட்டும்தான் ஞாபகம் இருக்கும். அங்கிருந்து பேச்சைத் தொடரலாம்.

குடித்துவிட்டு வருகிறவரிடம் அந்த நேரத்தில் பேசாதீர்கள், காலையில் வீட்டுக்குப் போங்கள். தொடர்ந்து வராத பிள்ளைக்கு மூன்றாவது நாளே ஆள் போக வேண்டும், மாதக் கடைசி வரை காத்திருந்தால் அது திருப்பூருக்கோ சூளைக்கோ போயிருக்கும். எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்தால் முதலில் குழுவில் இருக்கிற பெரிய மனுஷி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வீட்டில் பேசுங்கள், நிற்கவில்லை என்றால் 1098-க்கு அழையுங்கள், அங்கே ஊர் உறவைப் பார்த்துத் தயங்கவே கூடாது. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்து முடித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது என்பதை ஆறாம் வகுப்பிலேயே ஒவ்வொரு அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். கல்யாணப் பேச்சு வருகிற வீட்டில் அது ஒரு பதிலாக இருக்கும்.

கட்சிக்காரர்கள் மேடை தேடி வந்தால் வரவேற்று, எல்லோரோடும் வட்டத்தில் உட்கார வையுங்கள். அவ்வளவு போதும்.

கடைசியாக ஆசிரியர்களுக்கு ஒரு வேலை. கலந்தாய்வில் மாறுதல் கிடைத்துப் போகும்போது, நீங்கள் சேர்த்து வைத்தது உங்களோடு போய்விடக் கூடாது. ஒரு நாற்பது பக்க நோட்டில், பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று எழுதி அடுத்து வருகிறவரிடம் கொடுங்கள். வீட்டில் யார் எந்த நேரம் இருப்பார்கள், யாரிடம் பேசினால் காரியம் நடக்கும், எந்தப் பாட்டிக்கு வாசிக்கத் தெரியும், பிள்ளை எதில் கெட்டி. வீட்டு ரகசியம் எதையும் எழுத வேண்டாம். நான் கடைசியாக மாறி வந்தபோது அப்படி ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்து அந்தப் புது டீச்சர் போன் செய்தார். பதினேழாம் பக்கத்துப் பையனின் அம்மாவைப் பார்க்கப் போனாராம், வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, “வாங்க டீச்சர், உள்ளே வந்து உட்காருங்க, அவன் இன்னிக்கு என்ன படிச்சான்?” என்று கேட்டாராம்.